பழைய படத்துக்குப் புதுத் தீர்ப்பு

1991 தீபாவளிக்கு இரண்டு பெரிய படங்கள் ஒரே நாளில் மோதின. ஒன்று ரஜினிகாந்தின் ‘தளபதி’, மற்றொன்று கமல்ஹாசனின் ‘குணா’. ஜெயித்தது யார் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மனநலம் பாதித்த ஒருவன், தான் அபிராமி என்று நம்பும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மலைக்குகையில் போய் ஒளிகிற கதையைப் பண்டிகைக் கூட்டம் அவ்வளவாக ரசிக்கவில்லை. படம் பெட்டிக்குள் போனது. வெளியே தங்கியது இரண்டுதான்: கடிதம் சொல்லச் சொல்ல எழுதுவது போல அமைந்த அந்த இளையராஜா பாட்டு, கொடைக்கானலில் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்ற பழைய பெயரை ஓரங்கட்டிவிட்டு ஒட்டிக்கொண்ட ‘குணா குகை’ என்ற பெயர்.

2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்தது. 2006-இல் கொச்சிக்குப் பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த இளைஞர்களில் ஒருவர் அதே குகையின் குழிக்குள் விழ, நண்பர்கள் அவரை மீட்ட உண்மைச் சம்பவம்தான் கதை. படத்தின் உச்சத்தில் அந்தப் பழைய பாட்டு ஒலித்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எழுந்து நின்று கைதட்டியவர்களில் பலர், ‘குணா’ வெளிவந்தபோது பிறந்தே இருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் படத்தைத் தேடிப் பார்த்தார்கள். “அப்பவே இப்படி எடுத்திருக்காங்களே!” என்று வியந்தவர்கள் ஒரு பக்கம். “ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போவதைக் காதல் என்று எப்படி ஒப்புக்கொள்வது?” என்று கேட்டவர்கள் இன்னொரு பக்கம். 1991-இல் ‘புரியவில்லை’ என்ற ஒரே சொல்லில் முடிந்துபோன படத்தைச் சுற்றி ஒரு முழு விவாதமே நடந்தது.

பழைய படத்தைப் பற்றிய பேச்சு என்றாலே ‘அந்தக் காலம் போல வருமா’ என்ற பெருமூச்சு என்று நினைக்கிறோம். உண்மையில் ரசிகர்கள் செய்வது வேறு வேலை. முதல் நாள் கூட்டம் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போன தீர்ப்பை அவர்கள் மறுவிசாரணைக்கு எடுக்கிறார்கள். சில படங்கள் விடுதலை ஆகின்றன. சில படங்களுக்கு, பாவம், புதிதாகத் தண்டனையும் கிடைக்கிறது.

பாட்டுப் புத்தகத்திலிருந்து செல்போனுக்கு

பார்த்த படத்தைப் பற்றிப் பேசித் தீர்ப்பது தமிழருக்குப் புதிய பழக்கமல்ல. 1930-களில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் இசை, நாடகம், சினிமா மூன்றையும் வாரிவிட்டுக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், பின்னால் வந்த கதை வசனப் புத்தகம், ஒலிநாடா, எல்லாமே படம் முடிந்த பிறகும் பேச்சு தொடர்வதற்கான கருவிகள்தான். அகில இந்திய வானொலியில் ஞாயிறு மதியம் வரும் ‘ஒலிச்சித்திரம்’ ஒரு தலைமுறைக்கே படத்தைக் காதால் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. பார்க்காத படத்தின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் அப்போது தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.

தொலைக்காட்சி வந்தபின் பழைய படம் ஞாயிறு மாலையில் வீட்டுக் கூடத்துக்கே வந்தது. அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து பார்த்ததால் விமர்சனமும் உடனுக்குடன் நடந்தது. இப்போது ஒருவர் ராத்திரி செல்போனில் தனியாகப் பார்த்துவிட்டுக் காலையில் நண்பர் குழுவுக்கு நாலு வரி எழுதிப் போடுகிறார். கருவி மாறினாலும் உள்ளே நடப்பது அதே திண்ணைப் பேச்சுதான்.

இந்தப் பேச்சில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். படம் வந்த புதிதிலேயே தியேட்டரில் பார்த்தவர்கள். விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே டிவியில் துண்டு துண்டாகப் பார்த்து வளர்ந்தவர்கள். இப்போதுதான் முதல்முறை முழுசாகப் பார்ப்பவர்கள். முதல் வகைக்கு அந்தப் படத்தோடு தன் இளமையும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மூன்றாம் வகைக்கு அந்தப் பாசமும் இல்லை, பகையும் இல்லை. ரசமான சண்டை மூள்வது இவர்கள் இருவருக்கும் இடையில்தான்.

பாட்டே இல்லாத படம்

மறுவிசாரணையில் ஜெயித்த தமிழ்ப் படங்களின் பட்டியலில் முதலில் நிற்பது ‘அந்த நாள்’. 1954 ஏப்ரலில் வெளியானது. ஏவி.எம். தயாரிப்பு. இயக்கியவர் வீணை வித்வானாகப் பின்னாளில் உலகம் அறிந்த எஸ். பாலசந்தர். கதை வசனம் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே.

இரண்டாம் உலகப் போர்க் காலச் சென்னை. ரேடியோ இன்ஜினீயர் ராஜன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். கொன்றது யார்? மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், நாட்டியக்காரி என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையும் ஃப்ளாஷ்பேக்காக விரிகிறது. ஒவ்வொன்றிலும் ராஜன் வேறு ஆளாகத் தெரிகிறான். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த உத்வேகம் இது என்பது படத்தைப் பற்றி எழுதிய பலரும் சொல்வது. ராஜனாக சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், நல்ல பிள்ளையாகவே தோன்றத் தேவையில்லாத ஒரு வேடத்தை அவர் துணிந்து ஏற்றார்.

இதையெல்லாம்விடப் பெரிய துணிச்சல், படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. நடனமும் இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த காலம் அது. 1944-இல் வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டதென்றால் அதற்கு முதல் காரணம் பாட்டுத்தான். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் பாட்டில்லாத படத்தை வைத்தால் என்ன ஆகும்? வசூலில் ‘அந்த நாள்’ தோற்றது. மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தும், படத்தின் புகழ் வளர்ந்தது பிற்பாடுதான்.

இன்று முதல்முறை பார்ப்பவர்கள் இதை வேகமான படம் என்கிறார்கள். அன்று குறையாகத் தெரிந்த அதே பாட்டின்மை இன்று பலமாகிவிட்டது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழல் விழும் கோணங்களைச் சுட்டிக்காட்டுகிறார்கள். கணவனின் அரசியலோடு நேருக்கு நேர் மோதும் மனைவியாகப் பண்டரிபாய் நடித்திருப்பதை வியந்து பேசுகிறார்கள். இந்தப் படத்தைப் பேசும் ரசிகர்களிடையே எழுதப்படாத ஒரு மரியாதையும் உண்டு: கொன்றவர் யார் என்பதைச் சொல்லிவிடுவதில்லை. எழுபது ஆண்டுக்கு முந்தைய படத்தின் முடிவைக்கூட அடுத்தவருக்காகக் காப்பாற்றி வைக்கிறார்கள்.

1978: வாயால் பிழைத்த படங்கள்

‘முள்ளும் மலரும்’ வெளியானது 1978 ஆகஸ்டில். உமாசந்திரன் எழுதிய நாவலின் அடிப்படையில் மகேந்திரன் இயக்கிய முதல் படம். ‘தங்கப்பதக்கம்’ போன்ற வசனப் படங்களுக்கு எழுதிப் பேர் வாங்கியவர், தான் இயக்கும்போது வசனத்தைச் சுருக்கிவிட்டார். பாலு மகேந்திராவின் கேமராவும் இளையராஜாவின் இசையும் பேச வேண்டிய இடத்தில் மனிதர்களைப் பேசாமல் இருக்கவிட்டார். முதல் சில வாரங்கள் தியேட்டர்கள் சுணங்கின. பார்த்தவர்கள் வெளியே போய்ச் சொல்லித்தான் கூட்டம் வந்தது என்பதை மகேந்திரனே பல இடங்களில் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் படத்தில் இன்றைக்கும் தீராத வழக்கு, அதன் முடிவு. வின்ச் ஆபரேட்டர் காளி, தங்கை வள்ளியின் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறான். ஆனால் மாப்பிள்ளையாகிற இன்ஜினீயரை அப்போதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லவும் செய்கிறான். வழக்கமான படமாக இருந்தால் இருவரும் கட்டிப்பிடித்திருப்பார்கள். “காளி திருந்தினானா இல்லையா?” என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். தங்கை பாசம் ஜெயித்தது என்பார் ஒருவர். ஜெயித்தது அவன் வறட்டு கௌரவம்தான் என்பார் இன்னொருவர். மேலதிகாரியிடம் ஒரு தொழிலாளிக்கு இருக்கும் கோபத்தை அதில் பார்ப்பவர்களும் உண்டு. மூவருக்கும் படத்தில் சாட்சி இருக்கிறது.

அதே ஆண்டு தீபாவளிக்கு வந்தது ‘அவள் அப்படித்தான்’. சி. ருத்ரய்யா இயக்கியது. கமலும் ரஜினியும் நடித்திருந்தும், கலர் படம் வழக்கமாகிவிட்ட காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. உண்மையான நாயகி ஸ்ரீபிரியா ஏற்ற மஞ்சு. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண். ஆண்களால் பலமுறை ஏமாற்றப்பட்டவள். அதனால் யாரையும் நம்ப மறுப்பவள். ரஜினி அவளுடைய முதலாளி, பெண்களைப் பற்றி மட்டமாகப் பேசுகிற ஆள். கமல் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் முற்போக்காளர்.

தீபாவளிக் கூட்டம் கைவிட்ட இந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்தது விமர்சகர்களும் தீவிர ரசிகர்களும்தான். அப்போது கண்டனம் முழுக்க ரஜினி பாத்திரத்தின் மீது விழுந்தது. இன்று பார்க்கும் இளம்பெண்களில் பலர் கமல் பாத்திரத்தைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். வெளிப்படையான ஆணாதிக்கவாதியிடம் மஞ்சு எச்சரிக்கையாக இருக்க முடிந்தது; புரிந்துகொண்டது போலப் பேசிவிட்டுக் கடைசியில் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நிற்பவரிடம் அவள் என்ன செய்வாள் என்பது அவர்கள் கேள்வி. படம் இதை மறைத்து வைக்கவில்லை. கேட்பதற்கு ஆட்கள்தான் தாமதமாக வந்தார்கள். ருத்ரய்யா அதன் பிறகு ‘கிராமத்து அத்தியாயம்’ என்ற ஒரே படத்தை மட்டும் இயக்கினார். 2014-இல் காலமானார்.

டிவி கொடுத்த மறுவாழ்வு

2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ கதை இன்னும் விசித்திரம். சுந்தர்.சி இயக்கம், கமல்ஹாசனின் கதை, மதனின் வசனம், வித்யாசாகரின் இசை, கூடவே மாதவன். அந்தப் பொங்கலில் விக்ரம் நடித்த ‘தூள்’ வசூலை அள்ளியது. ‘அன்பே சிவம்’ தயாரிப்பாளரின் கையைக் கடித்தது.

புவனேஸ்வரத்தில் விமானம் ரத்தாகி மாட்டிக்கொள்ளும் இரண்டு பேர், கிடைத்த வாகனத்தில் ஏறிச் சென்னைக்கு வரும் கதை. ஒருவர் முகம் சிதைந்த, தடித்த கண்ணாடி போட்ட கம்யூனிஸ்ட். இன்னொருவர் விளம்பரப் படம் எடுக்கும் இளைஞர். விசில் அடிக்கத் தோதான இடங்கள் குறைவு, பேச்சு அதிகம். ஆனால் வீட்டில் சோபாவில் சாய்ந்து பார்ப்பவருக்கு அந்தப் பேச்சே சுகம். சேனல்கள் திரும்பத் திரும்பப் போட, பார்த்தவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்க, சில ஆண்டுகளில் ‘இது எப்படித் தோற்றது?’ என்ற கேள்வியே படத்துக்கு விளம்பரமானது. சுனாமி என்ற சொல் 2004 டிசம்பருக்கு முன்பே இந்தப் படத்தில் பேசப்பட்டிருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்துப் பரப்பியதும் அப்படித்தான்.

தொலைக்காட்சி ஒரு படத்தைப் பிழைக்க வைப்பது தமிழுக்கு மட்டும் உரிய அதிசயமல்ல. ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946-இல் போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974-இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். சும்மா கிடைக்கிறதே என்று அமெரிக்க டிவி நிலையங்கள் கிறிஸ்துமஸ்தோறும் அதைப் போட்டன. அலுவலகக் கவனக்குறைவு ஒன்று, தோற்ற படத்தை ஒரு நாட்டின் பண்டிகைப் படமாக்கிவிட்டது.

நாயகனைத் தாண்டிப் போகும் கண்

பழைய படத்தை மறுபடி பார்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒன்று உண்டு. முதல் தடவை கண் நாயகனை விட்டு நகராது. கதை தெரிந்துவிட்ட பிறகுதான் பார்வை ஓரத்தில் நிற்பவர்கள் பக்கம் போகிறது.

இதற்கு நல்ல சாட்சி டி.எஸ். பாலையா. 1936-இல் எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய ‘சதிலீலாவதி’யிலேயே பாலையாவும் அறிமுகமானார். வில்லனாகக் காலம் தள்ளியவர், வயதான பிறகு மூன்று படங்களில் அழியாத இடம் பிடித்தார். ‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதர், ‘தில்லானா மோகனாம்பாள்’ தவில்காரர், ‘காதலிக்க நேரமில்லை’ அப்பா.

ஸ்ரீதர் 1964-இல் ஈஸ்ட்மன் கலரில் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ், பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சியைத் தெரியாத தமிழர் குறைவு. சிறு வயதில் பார்க்கும்போது எல்லோரும் நாகேஷைப் பார்த்துச் சிரிக்கிறோம். சத்தம், கை கால் வீச்சு எல்லாம் அவருடையதுதானே. வளர்ந்தபின் பார்க்கும்போது கண் பாலையாவிடம் போகிறது. உட்கார்ந்த இடத்தில், பெரிதாகப் பேசாமல், பயத்தை முகத்தில் படிப்படியாக ஏற்றுகிறார். அவர் பயப்படுவதால்தான் நாகேஷின் கதைக்கு மதிப்பு வருகிறது. நகைச்சுவையில் பாதி, கேட்பவரின் வேலை என்பதை ஒரு நடிப்புப் பள்ளியே சொல்லித் தரவேண்டும் என்றால் இந்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டலாம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ விஷயத்திலும் இதேதான். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர் 1968-இல் ஏ.பி. நாகராஜன் கையில் படமானது. அப்போது பேச்செல்லாம் சிவாஜி, பத்மினி பற்றித்தான். இன்று ரசிகர்கள் ஜில் ஜில் ரமாமணியாக வரும் மனோரமாவைப் பற்றிப் பத்தி பத்தியாகப் பேசுகிறார்கள். திரையில் சிவாஜி வாசிக்கும் நாகஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதை இளையவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். வாயசைப்பும் விரலசைப்பும் எவ்வளவு பொருந்துகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி, 1968-இல் டிக்கெட் வாங்கியவருக்கு ஏது?

ஓவர் ஆக்டிங்கா?

பழைய படம் பார்க்க உட்கார்ந்த இளைஞர் பத்து நிமிடத்தில் சொல்லும் முதல் குறை இது. பதில் சொல்வதற்கு முன் அந்த நடிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சிவாஜி உட்பட அந்தத் தலைமுறையில் பலர் பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள். ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் வசனம் கேட்க வேண்டும், முகபாவம் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சியோடுதான் கேமரா முன் வந்தார்கள். பார்க்க வந்தவர்களும் நாடகம் பார்த்துப் பழகியவர்களே. கலைஞர் மு. கருணாநிதியின் ‘பராசக்தி’ நீதிமன்ற வசனத்தை மெல்லிய குரலில் முணுமுணுத்திருந்தால் அன்று யாரும் ஊர் ஊராகப் பேசிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஆகவே, கூத்தைக் கூத்தின் இலக்கணப்படி ரசிப்பது போலப் பழைய படத்தையும் அதன் இலக்கணப்படி பார்க்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் வாதம். நியாயம்தான். ஆனால் இந்த வாதத்தை எல்லாவற்றுக்கும் கேடயமாகப் பிடிக்க முடியாது.

உதாரணம், 1972-இல் வெள்ளிவிழாக் கண்ட ‘பட்டிக்காடா பட்டணமா’. பணக்காரப் பட்டணத்து மனைவியை, கிராமத்துக் கணவன் அடக்கி வழிக்குக் கொண்டுவருகிற கதை. சிவாஜியும் ஜெயலலிதாவும் ஆடிப்பாடும் பாட்டுக்கள் இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கின்றன. ஆனால் கதையைப் பார்க்கும் இன்றைய பெண்களுக்குக் கோபம் வருகிறது. “அந்தக் காலம் அப்படி” என்று பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அதற்கு எதிர்சாட்சியும் அதே காலத்திலேயே இருக்கிறது. 1973-இல் கே. பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ வந்துவிட்டது. 1977-இல் ஜெயகாந்தன் எழுதி ஏ. பீம்சிங் இயக்கிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. அடுத்த ஆண்டே ‘அவள் அப்படித்தான்’ மஞ்சுவும் வந்துவிட்டாள். காலம் முழுக்க ஒரே மாதிரி யோசித்தது என்று சொல்ல முடியாது. அன்றைக்கும் மாற்றி யோசித்தவர்கள் இருந்தார்கள், டிக்கெட் விற்றது வேறு பக்கம், அவ்வளவுதான்.

நல்ல ரசிகர் இந்த இடத்தில் இரண்டையும் சொல்கிறார். பாட்டு இனிக்கிறது, கதை கசக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்வதில் முரண் எதுவும் இல்லை.

மறுபடியும் பெரிய திரை

2012 மார்ச்சில் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ டிஜிட்டலில் செப்பனிடப்பட்டுத் திரைக்கு வந்தது. 1964 பொங்கலுக்கு எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ படத்தோடு மோதிய படம் அது. போட்ட பெரும் செலவுக்கு ஏற்ற வெற்றி அப்போது கிடைக்கவில்லை. 48 ஆண்டுகள் கழித்து சென்னை மல்ட்டிபிளெக்ஸில் அது நூறு நாளைத் தாண்டி ஓடியது. தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த உற்சாகத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலில் ஜோடி சேர்ந்த, அதே பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014-இல் வந்து வெள்ளிவிழாவே கண்டது. பிறகு இது ஒரு வியாபாரமாகவே ஆனது. 2024 ஏப்ரலில் இருபது வயதான ‘கில்லி’க்குப் புதுப் படம் போலக் கூட்டம் கூடியது.

செப்பனிடுவது லேசான வேலையல்ல. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள். நெகட்டிவைச் சுத்தம் செய்து, கிழிசலை ஒட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்து, கீறலையும் புள்ளியையும் நீக்கி, வெளுத்த நிறத்தை மீட்டு, தேய்ந்த ஒலியைச் சரி செய்ய வேண்டும். சில மறுவெளியீடுகளில் படத்தின் நீளமும் குறைக்கப்படுகிறது; 2023-இல் வந்த ‘ஆளவந்தான்’ அப்படித்தான் சுருங்கி வந்தது. ஆகவே இருவர் ஒரே படத்தைப் பற்றிச் சண்டை போடும் முன், இருவரும் பார்த்தது ஒரே பிரதியைத்தானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் பாட்டைக் காணோம், படத்தின் ஓரத்தைக் காணோம்.

மேல்முறையீடு செய்ய முடியாத படங்கள்

மறுவிசாரணைக்கு முதலில் படம் இருக்க வேண்டும். முதல் தமிழ்ப் பேசும் படம் என்று சொல்லப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்தது. டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. அதற்கும் முன்னால், மௌனப் படக் காலத்தில் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ படமும் இல்லை. அக்கால ஃபிலிம் நைட்ரேட் என்ற, தீப்பற்றும் பொருளால் ஆனது. ஓடி முடித்த படச்சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றவர்களும் உண்டு. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்ததில் இன்னும் பல அரிய படங்கள் சாம்பலாயின.

தப்பிப் பிழைத்த ஒன்றின் கதை வேடிக்கையானது. சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலை வைத்து 1933-இல் எடுத்த மௌனப் படம் ‘மார்த்தாண்ட வர்மா’. நாவலின் உரிமை தன்னிடம் இருப்பதாகப் பதிப்பகம் வழக்குப் போட, படம் முடங்கியது, சுருள் பதிப்பகத்திடம் போய்ச் சேர்ந்தது. தியேட்டர் தியேட்டராக ஓடித் தேயாமல், வெள்ளிக்கு விற்கப்படாமல் கிடந்த அதை 1974-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டெடுத்தது. வழக்குப் போட்டவர்கள் தங்களை அறியாமலே சினிமா வரலாற்றுக்கு உபகாரம் செய்துவிட்டார்கள்.

சுருள் தொலைந்தாலும் தகவல் தொலையாமல் காத்தவர்கள் ரசிகர்களாகத் தொடங்கியவர்களே. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் படங்களின் விவரமும் புகைப்படமும் சேர்த்தார். ராண்டார் கை பழைய படங்களைப் பற்றி ஆங்கிலத்தில் தொடர்ந்து எழுதினார். தியடோர் பாஸ்கரன் தமிழ் சினிமாவை வரலாற்று ஆய்வின் பொருளாக்கினார். இவர்கள் மூவரும் இல்லையென்றால், இன்று நாம் பேசும் பேச்சில் பாதிக்கு ஆதாரமே இருந்திருக்காது.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. அடுத்து ஒரு பழைய படம் பார்த்தால் ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், எந்தக் காட்சி பிடித்தது, எது உறுத்தியது, ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். எழுதும்போது இயக்குநர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அறுபது, எழுபது வயதுக்காரர் இருந்தால் அதே படத்தை எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எத்தனை அணா கொடுத்துப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர்கள் எந்த இடத்தில் கைதட்டினார்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். நம் ஊர் ரசிகர்கள் ஒரு படத்தை முதல் தடவை எப்படிப் பார்த்தார்கள் என்ற தகவல் எந்தக் காப்பகத்திலும் முறையாகச் சேர்க்கப்படவில்லை. அது அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.